மொய்த் தட்டு

கஸ்தூரி வீட்டுக்குப் போனா செருப்ப கண்ட இடத்துல கழட்ட முடியாது. வாசல்ல மஞ்சள் டேப் ஒட்டிக் கட்டம் போட்டு வச்சிருப்பா, ஒரு கட்டத்துக்கு ஒரு ஜோடி. சமையல்கட்டுச் சுவத்துல கரண்டி மாட்டுற இடத்துல கரண்டியோட உருவத்த மார்க்கர்ல வரைஞ்சிருப்பா. கரண்டி அங்க இல்லன்னா யாரு எடுத்தான்னு அப்பவே விசாரணை. டிவி ரிமோட்ட கட்டத்துக்கு வெளிய வச்சுட்டாருன்னு வீட்டுக்காரர் சுகுமாறனோட அரை நாள் பேசாம இருந்தவ அவ. "டொரத்தி, இவளக் கட்டிக்கிட்டதுக்கு இவ வேலை செய்யிற கம்பெனியிலயே நான் வேலைக்குச் சேந்திருக்கலாம், சம்பளமாச்சும் குடுத்திருப்பான்"னு அந்த மனுஷன் என்கிட்ட அழாத குறையா சொன்னாரு.

டொரத்திங்கிறது நான்தான். மலேசியாவுல செனாய்ல ஒரு ஃபேக்டரி, அதுல கஸ்தூரி லீடரா இருக்கிற லைன்ல வேலை செய்யிறேன். துணி துவைக்கிற மெஷினுக்குள்ள போற வயர் கட்டு எங்களோடது. வயர் முனையில குட்டிக் குட்டியா பிளக் மாட்டணும், டேப் சுத்தணும், அடுத்த ஆளுக்குத் தள்ளணும். பொம்பளைங்க வரிசையா உக்காந்து விடிஞ்சதுலேந்து இதையேதான் செய்யிறோம். எனக்கு வாய் ஜாஸ்தின்னு லைன்ல பேரு. இருக்கட்டும், இந்தக் கதைய வாய் இல்லாதவ சொல்ல முடியாது.

கஸ்தூரி பொறந்தப்பவே டேப்போட பொறக்கல. மனோகரன் சார் வந்தப்புறம்தான் இப்படி ஆனா. ஜோகூர் பாருவிலேந்து கம்பெனிக்கு ட்ரெய்னரா வந்த நம்ம ஆளு அவரு, இஸ்திரி கலையாத சட்ட. கைசன், லீன்னு எங்களுக்குப் பாடம் எடுத்தாரு. பெரிய விஷயமில்ல. வேலையில எது வீணோ அதக் கழிச்சுக்கட்டு, நேத்தவிட இன்னிக்கு கொஞ்சம் நல்லா செய்யி, அவ்வளவுதான். ஆனா ஒண்ணு சொன்னாரு பாருங்க: "தப்பு நடந்தா ஆளத் திட்டாதீங்க. வேலை செய்யிற முறையிலதான் கோளாறு இருக்கும். மறைக்காம வெளிய கொண்டாங்க, எல்லாரும் சேந்து சரி பண்ணுவோம்." கஸ்தூரி கண்ணு அப்படியே விரிஞ்சு போச்சு. அவளுக்கு அது வேதவாக்கு.

பொய் சொல்லக்கூடாது, நல்லதும் நடந்துச்சு. முன்னல்லாம் வயர் பெட்டி தரையில கெடக்கும், குனிஞ்சு குனிஞ்சு எடுத்து எங்க இடுப்பு ஒடிஞ்சு போகும். கஸ்தூரிதான் பழைய ரேக்க சாச்சு வச்சு, பெட்டி தானா சறுக்கிக் கைக்கு வர்ற மாதிரி பண்ணா. அன்னைக்கு அவளக் கட்டிப்பிடிச்சு முத்தம் குடுத்தேன். டேப் கட்டர இடது பக்கம் மாத்துனா, கத்திரிய ஸ்பிரிங்ல தொங்க விட்டா. அவ யோசிச்சதெல்லாம் எங்க ஒடம்பு நோகக்கூடாதுன்னுதான். அதனாலதான் இப்பவும் என்னால அவள முழுசா திட்ட முடியல.

இனி கருப்பாயி அக்கா. எங்க லைன்லயே மூத்தவங்க. பெக்கான் நானாஸ் பக்கம் எஸ்டேட்ல பொறந்தவங்க, பொறந்ததப் பதிய ஆள் இல்லாம போயி இன்னிக்கு வரைக்கும் சிவப்பு ஐசிதான், குடிமக்களுக்குக் குடுக்கிற நீல அடையாள அட்டை கெடைக்கல. இந்த நாட்ட விட்டு வேற எங்கயும் போனதில்ல, ஆனா குடியுரிமை இல்ல. புருஷன் போயாச்சு, புள்ளைங்க இல்ல. நம்ம கம்பெனியில அந்தக் காலத்துல யாரும் ஐசி கலர் பாக்காம எடுத்துக்கிட்டாங்க. இப்ப வெளிய போனா அந்த வயசுக்கும் அந்த ஐசிக்கும் யாரு வேலை குடுப்பா? அந்த நாற்காலிதான் அவங்களுக்குச் சோறு, வாடகை, மருந்து எல்லாம்.

அப்புறம் அக்காவுக்கு இனிப்பு நீர் வந்துச்சு, சர்க்கரை வியாதிதான். விரல் நுனி மரத்துப் போச்சு. பிளக் மாட்டுறப்ப 'டிக்'னு ஒரு சத்தம் வரும், விரலுக்கும் தெரியும். அக்கா விரலுக்கு அது தெரியாம போச்சு. ரெண்டு தடவ மூணு தடவ அழுத்திப் பாப்பாங்க. கணக்குப்படி முடிக்க வேண்டியத முடிக்க முடியல.

அதுக்குத்தான் நாங்க மொய்த் தட்டு வச்சோம். பேரு வச்சது நான்தான். கல்யாண வீட்ல ஆளாளுக்கு மொய் எழுதுற மாதிரி, கை ஓடுறப்ப எங்கள்ல ஒவ்வொருத்தியும் கொஞ்சம் ஜாஸ்தி செஞ்சு எங்க பக்கத்து மேசைக்கடியில ஒரு தட்டுல ஒளிச்சு வைப்போம். அக்கா கழிவறைக்குப் போற நேரம் பாத்து அத அவங்க தட்டுல கொட்டிருவோம். அவங்களுக்குத் தெரியவே தெரியாது. சாயந்தரம் பஸ்ல கையத் தூக்கிக் காட்டுவாங்க: "பாத்தியா டொரத்தி, இந்தக் கை இன்னும் ஓடுது!" நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டுச் சிரிப்பேன். கஸ்தூரி லீடர்தான், ஆனா அவளும் அதுல மொய் வச்சவதான்.

வருஷா வருஷம் கைசன் போட்டி நடக்கும். எல்லா லைனும் தன்னோட முன்னேற்றத்த மேடையில காட்டணும். இந்தத் தடவ கேன்டீன்ல கோப்பி குடிக்கிறப்ப கஸ்தூரி மெதுவா ஆரம்பிச்சா.

"டொரத்தி, நான் மொய்த் தட்டப் பத்திதான்டி பேசப் போறேன்."

எனக்குக் கோப்பி பொற ஏறிடுச்சு. "அலமாக்! உனக்குப் பைத்தியமா?"

"கேளுடி. அக்கா எத்தனை நாளைக்கு இப்படி விரல அழுத்திக்கிட்டு இருப்பாங்க? நம்மள்ல ஒருத்தி லீவு போட்டா மாட்டிக்குவாங்க. கண்ணு அவங்களுக்கு நல்லா இருக்கு. கடைசியில செக்கிங் மேசையில உக்கார வச்சா போதும், விரலே வேணாம். மறைச்சு வச்சா அவங்களுக்கு விடிவே இல்ல. வெளிய கொண்டுவந்தா சரி பண்ணுவாங்க."

"யாரு சரி பண்ணுவா? முதலாளியா? வாய மூடிக்கிட்டு இருடி. ஓடுற வண்டிய ஏன் நிறுத்துற?"

"ஆளக் குறை சொல்ல மாட்டோம்னு மனோ சார் சொல்லியிருக்காருல்ல?"

கோப்பிய அப்படியே வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டேன்.

போட்டி அன்னைக்கு எங்க லைன் மொத்தமும் மேடையில நின்னோம். கருப்பாயி அக்கா தலைக்கு மல்லிகப்பூ வச்சுக்கிட்டு வந்திருந்தாங்க, மேடை ஏறுறது அதான் மொதத் தடவ. கஸ்தூரி மலாய்ல அழகா பேசுனா. ஒருத்தரால முடியாதப்ப மத்தவங்க எப்படித் தாங்குறோம், இதுல யாருக்கும் கெட்ட எண்ணமில்ல, அந்த ஆள செக்கிங்குக்கு மாத்துனா தட்டே வேணாம்னு சொன்னா. பேரு சொல்லல. பேரு சொல்லாட்டி போதும்னு நெனச்சுட்டா, முட்டாள். ஏன்னா பின்னாடி பெரிய திரையில அந்த எடத்தோட படம் வந்துச்சு. மேசைக்கடியில தட்டு. பக்கத்து நாற்காலியில நாலா மடிச்சுப் போட்ட பச்சைத் துண்டு. அந்தத் துண்டு யாரோடதுன்னு எங்க பிளாக்குல தெரியாத ஆளே இல்ல.

நான் அக்காவப் பாத்தேன். அவங்க திரையப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. மொதல்ல தன் துண்டப் பாத்து சிரிச்சாங்க. அப்புறம் தட்டப் பாத்தாங்க. அந்தச் சிரிப்பு மொகத்துல அப்படியே நின்னு போச்சு, எறங்கவே இல்ல.

எங்களுக்குத்தான் மொதப் பரிசு. சான்றிதழ மூத்தவங்க பிடிக்கட்டும்னு போட்டோக்காரர் அக்கா கையில குடுத்து நடுவுல நிக்க வச்சாரு. அந்தப் படம் இன்னும் நோட்டீஸ் போர்டுல இருக்கு.

கம்பெனி யாரையும் குறை சொல்லல. அதுல வாக்குத் தவறல. மேல உள்ளவங்க லைன வந்து பாத்தாங்க, ஒவ்வொருத்தி வேலைக்கும் எவ்வளவு நேரம் ஆகுதுன்னு வாட்ச வச்சு அளந்தாங்க. மறைச்சு வைக்கிற சரக்கு வீண், அது இல்லாம ஓடணும்னாங்க. இத்தனை நாளா ஒரு ஆளோட வேலைய மத்தவங்களே செஞ்சுட்டீங்க, அப்போ அந்த எடமே லைனுக்குத் தேவையில்லன்னாங்க. செக்கிங் மேசையாவது குடுங்கன்னு கஸ்தூரி கேட்டப்ப மனோகரன் சார் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. "தப்பா செஞ்சுட்டு கடைசியில பொறுக்குறதும் வீண்தான்மா. இனிமே அவங்கவங்க எடத்துலயே பாத்துக்கணும். அந்த மேசையையும் எடுக்கிறாங்க." அவரு கெட்டவரு இல்ல. நெசமாவே அவருக்கு வேற பதில் தெரியல.

கருப்பாயி அக்காவோட ஒப்பந்தம் அந்த மாசத்தோட முடிஞ்சு போச்சு, புதுசா போடல. அந்த எடத்துல மேசைய அறுத்து எங்க நாற்காலிகளக் கிட்டக் கிட்டத் தள்ளிட்டாங்க. இப்ப ரெண்டு பேருக்கு நடுவுல மஞ்சள் டேப்ல ஒரே ஒரு கட்டம், ஒரே ஒரு வயர் கட்டுதான் வைக்கலாம். கட்டம் நெறஞ்சா கைய மடியில வச்சுக்கிட்டு சும்மா உக்காரணும். முன்ன அந்த நேரத்துலதான் நாங்க மொய் செஞ்சோம்.

கஸ்தூரி சரியா சாப்பிடல. வீட்ல டேப்ப எல்லாம் நகத்தால சொரண்டி எடுத்துட்டாளாம், பசை மட்டும் தரையில கருப்பா ஒட்டியிருக்குன்னு சுகுமாறன் சொன்னாரு. என்கிட்ட ஒருநாள், "மன்னிப்புக் கேக்கணும்டி, தனியா போக பயமா இருக்கு"ன்னா. திட்டத்தான் வாயெடுத்தேன். மொகத்தப் பாத்ததும் நானும் வரேன்னு சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு சர்ச்சுலேந்து நேரா அவளக் கூட்டிக்கிட்டு அக்காவோட வாடகை வீட்டுக்குப் போனேன்.

அக்கா எங்கள நல்லாத்தான் உள்ள கூப்பிட்டாங்க. வேலை கேட்டு சாப்பாட்டுக் கடைக்குப் போனாங்களாம், கூட்டுற வேலைக்கும் போனாங்களாம். ஐசியப் பாத்ததும் அப்புறம் கூப்பிடுறோம்னு சொல்லிட்டாங்க. அடுத்த மாசம் வாடகை கேட்டு வர்ற வீட்டுக்காரனுக்கு என்ன சொல்றதுன்னு தெரியலன்னாங்க. கஸ்தூரி "அக்கா"ன்னு ஆரம்பிச்சா. "அதெல்லாம் வேணாம்மா, இங்க வா, இதப் பாரு"ன்னு அவ கையப் பிடிச்சு மேசைக்கிட்ட இழுத்துட்டுப் போனாங்க.

மேசை மேல மஞ்சள் டேப். வயருக்கு ஒரு கட்டம், பிளக்குக்கு ஒரு கட்டம், முடிச்சது போட ஒரு பிஸ்கட் டின் மூடி. பாவக்கா கொடி கட்டலாம்னு எப்பவோ கம்பெனியிலேந்து கொண்டுவந்த கழிச்ச வயரு, அதுல இருந்த பிளக்கக் கழட்டி மறுபடி மாட்டிக்கிட்டு இருந்திருக்காங்க.

"நீ சொல்லிக் குடுத்த மாதிரியே பண்ணிருக்கேன் கஸ்தூரி. கை தூரமா போகக்கூடாதுல்ல? எல்லாம் கிட்டயே வச்சிருக்கேன். காலையிலேந்து பழகுறேன். முன்னவிட வேகமா வருது. பாத்துட்டு நீயே கம்பெனியில சொல்லு, இனிமே யாரும் எனக்குச் செய்ய வேண்டியதில்லன்னு."

உக்காந்து செஞ்சு காட்டுனாங்க. பிளக் நழுவுச்சு. மறுபடி எடுத்தாங்க. அழுத்துனாங்க, காதுகிட்ட கொண்டுபோயி அழுத்துனாங்க. 'டிக்'னு கேட்டதும் எங்களப் பாத்தாங்க. வேகம் ஒண்ணும் வரல, முன்னவிட மோசமாத்தான் இருந்துச்சு. "நல்லா வருதுக்கா"ன்னு கஸ்தூரி சொன்னா.

"இருங்க, மைலோ கலக்குறேன்"னு அக்கா உள்ள போனாங்க.

கஸ்தூரி அந்த நாற்காலியில உக்காந்தா. அழுதுக்கிட்டே இருந்தா. அழுதுக்கிட்டே அவ கை வயர எடுத்துச்சு, பிளக்க எடுத்துச்சு, மாட்டுச்சு, மூடியில போட்டுச்சு. மறுபடி எடுத்துச்சு. அவளுக்கே அது தெரியலன்னு நெனக்கிறேன். நான் அவ தோளத் தட்டி நிறுத்துறதுக்குள்ள அக்கா கப்போட வந்து நின்னுட்டாங்க.

மூடியப் பாத்தாங்க. கஸ்தூரி கையப் பாத்தாங்க. கப்ப மெதுவா கீழ வச்சாங்க. கோவமே இல்ல, கத்தியிருந்தாக்கூட தேவலாம்.

"இதுல நான் செஞ்சது எதும்மா? பிரிச்சுக் குடு."

கஸ்தூரி மூடிய கிட்ட இழுத்து வச்சுப் பாத்தா. நானும் குனிஞ்சு பாத்தேன். எல்லாம் ஒரே நீல வயரு, ஒரே வெள்ளை பிளக்கு. அவளால பிரிக்க முடியல.