கருட சேவையன்று பில் போடாத பொங்கல்

கருட சேவையன்று விடியும் முன்னரே எங்கள் டிபன் கடை வாசலில் ஜனம் நின்றது. உள்ளே அண்டா நிறையப் பொங்கல் தயார். ஆனால் பில் போடும் கணினியின் திரையில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. சென்னைக் கம்பெனி முந்தைய இரவு தன் மென்பொருளில் எதையோ புதிதாக ஏற்றியிருக்கிறது. அதோடு அது படுத்துவிட்டது.

கடை எங்களுடையது, பெயர்ப்பலகை கம்பெனியுடையது. என் நகைகளை விற்று, வீட்டுக்காரர் தறி நெய்து சேர்த்ததையும் போட்டு, டெபாசிட் கட்டி எடுத்த கிளை. ஒப்பந்தத்தில் இரண்டு விதிகள் எனக்கு மனப்பாடம். மென்பொருள் பழுதானால் வரும் நட்டத்துக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்பது ஒன்று. அந்த மென்பொருளில் பில் போடாமல் எதையும் விற்கக் கூடாது, விற்றால் ஒப்பந்தம் ரத்து, டெபாசிட் திரும்பாது என்பது இன்னொன்று. கதை எப்படியென்றால், கதவை அவர்கள் பூட்டுவார்களாம், உள்ளே மாட்டிக்கொண்டால் நாம்தான் பொறுப்பாம்.

கம்பெனி மேனேஜரைப் போனில் பிடித்தேன்.

“கையால பில்லு எழுதி வித்துக்கட்டுமா சார்?”

“வேணாம் மேடம். அக்ரிமெண்ட் கேன்சல் ஆயிடும்.”

“அண்டா நெறையப் பொங்கல் இருக்குது. வீணாப்போனா யாரு பொறுப்பு?”

“அது... நாங்க பொறுப்பில்லன்னுதான் போட்டிருக்கு மேடம்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அதற்குள் சாமி ஊர்வலத்தின் மேளச் சத்தம் நெருங்கிவிட்டது. வாலாஜாபாத் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம், பிள்ளைக்குப் பசிக்கிறது என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டது. எதிர்ச் சாரியில் யாரோ பந்தல் போட்டு, வருவோர் போவோருக்கெல்லாம் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் கருட சேவைக்கு இது வழக்கம்தான். அதைப் பார்த்ததும், காதிலிருந்த போனிலேயே கேட்டேன்.

“சார், விக்கக் கூடாதுன்னுதான போட்டிருக்குது? சும்மா குடுக்கலாமா?”

பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது. “சும்மா குடுக்கறதப் பத்தி... ஒண்ணும் போடல மேடம்.”

போனை வைத்தேன். “தொன்னை எடுங்க, எல்லாருக்கும் சும்மா குடுக்கப் போறோம்” என்றேன் வீட்டுக்காரரிடம்.

“இன்னா பேசிக்கினு இருக்க நீ? ஒரு நாள் வியாபாரமே போயிடுமேம்மா.”

“வியாபாரம் போவட்டும். கடை நிக்குமில்ல?”

அவர் தொன்னைக் கட்டைப் பிரித்தார். பிறகு கரண்டியை எடுத்தார்.

அந்தக் காலைப் பொழுதில் இருந்த சந்தோஷம் எனக்கு என் கல்யாணத்தில்கூட இருந்ததில்லை. தொன்னையை நீட்ட நீட்டக் கைகள் வந்தன. காசு கொடுத்தே தீருவேன் என்று ஒருவர் அடம்பிடித்தார்.

“காசு வாங்கினா கடையே போயிடும்பா, பேசாம துன்னு” என்று விரட்டினேன். அவர் குழம்பிப்போய் இரண்டாவது தொன்னையும் வாங்கிக்கொண்டு போனார். சாமி எங்கள் வாசலைத் தாண்டும்போது அண்டா காலி. கைகூப்பிவிட்டுத் திரும்பினால், திரையில் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

சில மாதங்களில் ஒப்பந்தக் காலம் முடிந்து, புதுப்பிக்கச் சொல்லித் தாள்கள் வந்தன. மென்பொருள் விதிகளில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் புதிதாக ஒரு விதி முளைத்திருந்தது: கிளைகள் எதையும் இலவசமாக வழங்கக் கூடாது. எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

காலம் முடிந்துவிட்டதால் டெபாசிட்டை அவர்கள் திருப்பித் தந்தே ஆக வேண்டும். பிடி இப்போது என் கையில். மேனேஜரைக் கூப்பிட்டேன். “மிஷின் நின்னா கையால பில்லு போடலாம்னு ஒரு வரி சேருங்க. இல்லன்னா போர்டக் கழட்டிக்கினு டெபாசிட்டக் குடுங்க” என்றேன்.

ஒரு வாரம் போனது. பிறகு அந்த வரியோடு, கம்பெனி முத்திரை குத்திய புதுத் தாள் வந்தது. கையெழுத்துப் போட்டு முடித்ததும் மேனேஜரே கூப்பிட்டார்.

“உங்களுக்கு மட்டும்தான் மேடம் இது. மத்த கிளைக்காரங்களுக்குத் தெரிய வேணாம்.”

 அவர் போனை வைத்ததும் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து, கிளைக்காரர்கள் எல்லாரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.