பரதனின் தாடி

ஜெகதளாவில் எங்கள் கோயில் திருவிழா நாடகம் பிற்பகலிலேயே தொடங்கிவிடும். பொழுது சாய்ந்தால் மூடுபனி இறங்கி, மேடையில் நிற்பது ராமனா ராவணனா என்று தெரியாது.

அந்த ஆண்டு ராமன் என் தாய்மாமா. பரதனாக நடிக்க, தம்மோடு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த தோடர் ஒருவரை அழைத்து வந்திருந்தார். மாமாவைவிடப் பத்து வயது மூத்தவர். மாமா அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். கணீரென்ற குரல், மார்பு வரை தாடி, சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்த வெள்ளைப் போர்வை. தாடியை மட்டும் எடுக்க முடியாது என்று முதல் ஒத்திகையிலேயே சொல்லிவிட்டார்.

விழாக் கமிட்டியில் இருந்த அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை.

“ஏன் மாப்ள, அந்த ஆளு மாதிரி தாடி வெச்ச பரதனை நீ எந்தப் படத்துல பாத்தே?”

“காட்டுக்குப் போன அண்ணனைத் தேடி அலையறவன் சவரம் பண்ணீட்டா வருவான், மச்சான்?”

“சனம் சிரிச்சுதுன்னா அடுத்த வருசம் உங்களுக்கு மேடை கெடையாது. இப்பவே சொல்லிப்போட்டேன்.”

மாமாவின் முகம் சுருங்கியது. ஆண்டு முழுவதும் அவர் காத்திருந்ததே அந்த ஒரு மேடைக்காகத்தான்.

நான் அம்மாவோடு முன்வரிசையில் சாக்கு விரிப்பில் உட்கார்ந்திருந்தேன். பரதன் காட்டில் அண்ணனைக் கண்டுகொள்ளும் காட்சி. ஒத்திகையில் அவர் நெடுஞ்சாண்கிடையாக விழுவார். அன்று விழவில்லை. மெல்ல வந்து மண்டியிட்டார். மாமாவின் வலது பாதத்தை இரு கைகளாலும் ஏந்தித் தம் நெற்றியின்மேல் வைத்துக்கொண்டார்.

இதை எதிர்பாராத மாமா ஒற்றைக்காலில் தள்ளாடினார். கழுத்திலிருந்த உருத்திராட்ச மாலை அறுந்து மணிகள் உருண்டோடின.

“ஐயோ, சாமி விழப்போகுது!” என்றாள் ஒரு தோட்டத்துப் பெண். சிரிப்பு கிளம்பியது. அப்பா தலையில் கைவைத்துக்கொண்டார்.

பரதனாக நடித்தவர் அசையவில்லை. கண்ணை மூடி, தோடர் மொழியில் தாழ்ந்த குரலில் ஏதோ பாடினார். மேடைப் பலகைக்கு அடியிலிருந்து வருவதுபோல இருந்தது அந்தக் குரல். சிரிப்பு வரிசை வரிசையாக அடங்கியது. மாமா வசனத்தை மறந்து, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு உண்மையாகவே அழுதார். பாதுகையைத் தலையில் தாங்கி அவர் பனிக்குள் நடந்து போனபோது, கைதட்ட யாருக்கும் தோன்றவில்லை. 

திரை விழுந்ததும் அப்பா மேடையேறினார். நானும் பின்னால் ஓடினேன்.

“ஏனுங்க, அந்தக் கால் வெச்சுக்கிட்டது... பாடத்துல இல்லீங்களே?”

அப்பா அந்தத் தோடரிடம் ‘ங்க’ போட்டுப் பேசியது அதுவே முதல் தடவை.

“எங்க மந்துல, எங்க சனம் குடியிருக்கற எடத்துல, மூத்தவங்க வந்தா சின்னவங்க இப்படித்தானுங்க. பரதன் சின்னவன்தானே?”

மாமா சடைமுடியைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு அந்தத் தோடர் முன்னால் மண்டியிட்டுத் தலைகுனிந்தார். மூத்தவர் சற்றுத் தயங்கி, வலது காலைத் தூக்கினார்.

உருண்டுபோன மணிகளை மாமா தேடுகிறார் என்று நினைத்தேன். நானும் மண்டியிட்டு, பலகை இடுக்கில் கிடந்த இரண்டைப் பொறுக்கி அவரிடம் நீட்டினேன். மாமா அவற்றை வாங்கிக்கொள்ளவே இல்லை.