அச்சடித்த காது

'காதுக்காரி' என்ற பேர் முதன்முதலில் காதில் விழுந்தது, சின்னம்மா மருமகளுக்குப் பிரசவமாகி ஆஸ்பத்திரியில் இருந்தபோது. பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர்கள் ஒரு பிஸ்கட் பாக்கெட்டை ஒரே இழுப்பில் பிரித்து, "இது காதுக்காரி கை பட்ட பாக்கெட்டு" என்றார்கள். விசாரித்தால் அவள் வேறு யாருமில்லை, என் ஒன்றுவிட்ட மைத்துனருக்கு வாழ்க்கைப்பட்டவள்.

அவளுக்குப் பிஸ்கட் கம்பெனியில் வேலை. பாக்கெட்டின் வாயைச் சூட்டுக்கம்பிக்கு அடியில் வைத்து, காலால் மிதித்து ஒட்டவேண்டும். புருஷன் போய்ச் சேர்ந்தபின் வீட்டில் மிச்சமிருந்தது நாத்தனார் ஒருத்திதான். ரத்தக்கொதிப்பில் அவளுக்கு வலது கை விழுந்துவிட்டது. பகலெல்லாம் தனியாகக் கிடப்பவள், பசித்தால் இடது கையாலும் பல்லாலும் பாக்கெட்டோடு மல்லுக்கட்டுவாளே தவிர, பக்கத்து வீட்டைக் கூப்பிடமாட்டாள். ரோஷக்காரி.

அவளுக்காகத்தான் அண்ணிக்காரி, வீட்டுக்கு வாங்கிப்போகும் பாக்கெட்டை ஒட்டும்போது ஒரு முனையை வெளியே நீட்டிவிட்டு, அதன் அடியில் நகத்தால் ஒரு கீறல் வைத்தாள். பிடித்து இழுத்தால் பிளந்துகொள்ளும்.

"காதைத் திருகினாத்தான் வாயைத் திறக்குது, எங்க அண்ணன் மாதிரியே!" என்று நாத்தனார் வெகுநாள் கழித்துச் சிரித்தாள்.

கை பழகிப்போய், கம்பெனிப் பாக்கெட்டுக்கெல்லாம் காது முளைத்தது. கடைகளில் காது வைத்ததாகக் கேட்டு வாங்கினார்கள். முதலாளிக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. டிசைன் பண்ணுகிறவர்களை வரவழைத்தார்.

கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி வந்து கேட்டாள். "அக்கா, இந்த ஐடியா உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

"தோணலெல்லாம் இல்ல கண்ணு. வீட்ல ஒரு கை விழுந்துபோச்சு."

அதை ஒரு மஞ்சள் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாள் அந்தப் பெண்.

மூன்று மாதத்தில் புதுப் பாக்கெட்டு வந்தது. மூலையில் பொன்னிறத்தில் ஒரு காது, அச்சடித்தது. பேரே காது பிஸ்கட். நீட்டின முனை புது மெஷினில் சிக்குகிறதென்று அதை எடுத்துவிட்டார்கள்.

"காது எங்க கண்ணு?"

"இதோ இருக்கே அக்கா! இனிமே இதான் நம்ம அடையாளம்."

"அடையாளத்தைப் புடிச்சு எப்படி இழுக்கறது?"

பெண் சிரித்துவிட்டு அதையும் எழுதிக்கொண்டாள்.

அன்றைக்கு ஆளுக்கொரு பாக்கெட்டு கொடுத்தார்கள். அதைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தவள், சொல்ல மறந்துபோனாள். மறுநாள் சாயங்காலம் வந்து பார்த்தால், பாக்கெட்டு நாத்தனார் மடியில் பிரியாமல் கிடந்தது. பொன் காது மட்டும் நகம் பட்டுப் பட்டு வெளுத்திருந்தது.

"அண்ணி, இந்தக் கையும் விழுந்துபோச்சு."

"அடி பைத்தியமே, அது வெறும் படம்டி! நான்தான் சொல்ல மறந்துட்டேன்."

"என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்றீங்க. நேத்து வரைக்கும் இழுத்தா வந்த காதுதானே?"

கத்தரிக்கோலால் வெட்டுப்போட்டு நீட்டினாள். "வேணாம் அண்ணி, இருக்கற மானத்தையும் வாங்காதீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் நாத்தனார். தலையில் அடித்துச் சத்தியம் பண்ணியும் நம்பவில்லை. அதற்கப்புறம் அந்த இடது கை சோற்றுக்கும் நீளவில்லை.

வீட்டுக்கு மட்டும் நாலு பாக்கெட்டு கையால் ஒட்டிக்கொள்கிறேன் என்று முதலாளியிடம் போய் நின்றாள் காதுக்காரி. பழைய சூட்டுக்கம்பியை இரும்புக்கடைக்குப் போட்டாயிற்று என்றார் அவர். அவர் தலைக்கு மேலே, சுவரில் பெரிய எழுத்தில் இருந்தது: 'வீட்டில் ஒரு கை விழுந்தது. இங்கே ஒரு காது பிறந்தது.'

காதுக்காரி இப்போது வேலைக்குப் போவதில்லை. மூன்று வேளையும் ஊட்டிவிட ஆள் வேண்டுமென்று, நாத்தனாரோடு வீட்டில் இருக்கிறாள்.