மைக்கில் வாசித்த பேர்

காலேஜுக்குப் பொருளாளராக என்னைப் போட்டதற்கு ஒரே காரணம், மாரியம்மன் கோயில் கணக்கை நான் பிசகில்லாமல் பார்த்து வந்ததுதான். படிப்பு எட்டாவதோடு நின்றுபோனவன் நான். பாலக்காட்டு எல்லையில் வடகரப்பதிப் பக்கத்துக் குடியானவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, ஓடு வேய்ந்த இரண்டு கட்டடங்களில் பள்ளிப் படிப்புக்கு அடுத்த பிரீ டிகிரி வகுப்பு மட்டும் ஆரம்பித்திருந்தார்கள். எழுபதுகளின் ஆரம்பம் அது. கமிட்டியில் டிரஷரர் யார் என்ற பேச்சு வந்தபோது, "சாமிக்குப் பயந்த ஆளாப் பாத்துப் போடுங்க" என்று யாரோ சொல்ல, எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்தக் குளிர்ச்சியில்தான் எல்லாம் தொடங்கியது என்று இப்போது தோன்றுகிறது.

கணக்கு எழுதுவதற்கு ஒருத்தர் இருந்தார். பாலக்காட்டு ராவுத்தர் வீட்டுப் பையன். அப்பாவின் ஜவுளிக்கடையில் பேரேடு எழுதிப் பழகியவர். எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். வாய் மட்டும் சும்மா இருக்காது. அவர் எழுதியதை நான் சரிபார்க்க வேண்டும். பீஸ் வரவு, சம்பளம், சுண்ணாம்பு அடித்த கூலி, சாக்பீஸ் என்று கம்பியில் குத்திவைத்த வவுச்சர்களை ஒவ்வொன்றாக உருவி, பேரேட்டோடு ஒத்துப் பார்ப்பேன். கை கால் கழுவி, திருநீறு பூசிக்கொண்டுதான் பணப்பெட்டியைத் தொடுவேன். வருஷக் கடைசியில் ஆடிட்டர் இங்கிலீஷில் ஓர் அறிக்கை தயாரித்துத் தருவார். எனக்கு வாசிக்கத் தெரியாத அந்தக் காகிதத்தில் கடைசியில் என் கையெழுத்து இருக்கும். அதனால், தமிழில் ஒரு பிரதி எழுதச் சொல்லி, வருஷக் கூட்டத்தில் அதை நானே சத்தமாக வாசிப்பது என்று வைத்துக்கொண்டேன். கோயிலில் அப்படித்தான். திருவிழா நோன்பு முடிந்ததும் அம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றி, வரி கொடுத்தவர் பேர், கொடுக்காதவர் பேர், எண்ணெய்ச் செலவு, பூச்செலவு எல்லாம் வாசிப்போம். வாசிக்காத கணக்கு எங்கள் ஊரில் கணக்கே இல்லை.

பீஸ் கன்செஷன் என்று ஒரு தலைப்பு உண்டு. கஷ்டப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்குக் கமிட்டி பீஸைத் தள்ளிக் கொடுக்கும். யாருக்கு என்பதை நான் விசாரித்துச் சொல்ல வேண்டும்.

எனக்கு மாமன் முறையாகும் ஒருவர் என் நிலத்தை ஒட்டிய காட்டுக்காரர். என்னைவிட மூத்தவர். கல்யாணம் காட்சி எதிலும் முன்வரிசையில் உட்காரும் வீடு. இரண்டு வருஷமாக அவர் கிணற்றில் தண்ணீர் இல்லை. நிலக்கடலை காய் பிடிக்காமலே காய்ந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, கோயில் பின்பக்கம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, எங்கூட்டு அம்மிணிக்கு இந்த வருச பீஸு கட்ட முடியலீங்க. படிப்ப நிறுத்தச் சொன்னா, சோறு திங்காம உக்காந்துக்கிறா."

"அதுக்கென்னுங் மாமா, கன்செஷன் போட்டுரலாம்."

"போடுங்க. ஆனா ஒரு காக்கா குருவிக்குத் தெரியக் கூடாதுங்க. அம்மிணிக்கே நான் சொல்லப் போறதில்லே. பேரு போச்சுன்னா அப்பறம் என்ன இருக்குதுங்க நம்மகிட்ட?"

என் கையில் அப்போது அம்மன் திருநீறு இருந்தது. கையை மூடிக்கொண்டே, "இது என்னோட போச்சுங் மாமா" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

அந்த வருஷம் என் கிணற்றுக்குக் கரண்டு மோட்டார் வைத்தேன். சொசைட்டியில் கடன் வாங்கி வைத்தது. ஆனால் டீக்கடையில் வேறு பேச்சு ஓடியது. நான் சைக்கிளை நிறுத்தி இறங்கும்போதே ஒருவன் உள்ளேயிருந்து எனக்குக் கேட்கட்டும் என்று கேட்டான்.

"ஏனுங், டிரஷரர் தென்னைக்குப் பாயறது தண்ணியா, காலேஜு பீஸா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்த மாதிரி காட்டிக்கொண்டு டீயைக் குடித்தேன். அன்றிலிருந்து சாமி கும்பிடும்போதெல்லாம் ஒரே வேண்டுதல்: "ஆத்தா, என்ற பேரக் காப்பாத்து."

வருஷக் கூட்டம் ஆடியில் வந்தது. போன வருஷக் கணக்கில் ஒரு காகிதம் விடாமல் வாசித்துவிடுவது, யார் வாயையும் அடைத்துவிடுவது என்று தீர்மானித்தேன். கடைவீதியில் மைக் வாடகைக்குப் பேசினேன். கன்செஷன் தலைப்பின் கீழ் பேர்களையும் எழுதச் சொன்னபோது கணக்கர் பேனாவை மூடிவிட்டார்.

"மொத்தத் தொகை போதாதுங்களா ஐயா?"

"எழுதுங்க. வேணும்னா வாசிக்கறேன், இல்லாட்டி வுட்டர்றேன்."

"மனுசன் தோள்ல ரெண்டு மலக்கு, அதாவது வானவருங்க, உக்காந்து கணக்கு எழுதறாங்கன்னு எங்க அத்தா சொல்லுவாங்க. அவங்க எழுதுனதையே மறுமை நாள்லதான் வாசிப்பாங்களாம். நீங்க என்னன்னா இப்பவே மைக் வெக்கிறீங்க!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். பேர்களை எழுதிக் கொடுத்தார்.

ஆடிக் காற்று எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். பந்தல் துணி படபடவென்று அடித்துக்கொண்டது. அம்மன் படத்துக்கு முன்னால் கற்பூரம் நிற்கவில்லை. கையால் மறைத்து ஏற்றினேன். முன்வரிசையில் அந்த மாமா, வெள்ளைத் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மகள் மற்றப் பெண்பிள்ளைகளோடு வராண்டாவில் நின்றாள்.

வரவு முடிந்து செலவுக்கு வந்தேன். கன்செஷன் தொகையை வாசித்ததும் பின்னாலிருந்து டீக்கடைக் குரல் எழுந்தது.

"அவ்வளவு ரூவா யாருக்குங்க தள்ளுனீங்க? கமிட்டிக்காரங்க ஊட்டுக்கா?"

நான் தண்ணீர் குடித்தேன். மாமாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் திருநீறு வைத்திருந்த கை ஞாபகத்துக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. நன்றாகவே வந்தது. "அது கமிட்டிக்குத் தெரியும், உங்களுக்கு வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுபடியும் சிரிப்பார்களே என்று இருந்தது. வாசித்தேன். ஐந்து பேரின் அப்பா பேர், ஊர், தள்ளிய தொகை. மூன்றாவது அவர். காற்று அந்தப் பேரைப் பஸ் ரோடு வரைக்கும் கொண்டுபோனது.

கை தட்டினார்கள். "டிரஷரர் சொக்கத் தங்கமப்பா" என்று ஒருவர் சத்தமாகவே சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மாமா எழுந்து போகவில்லை. கடைசிவரை இருந்து, குங்குமம் வாங்கி இட்டுக்கொண்டுதான் போனார். வீட்டில் என் சம்சாரம் சோறு போட்டுக்கொண்டே, "அவுங்கூட்டுப் பேரையுமா வாசிச்சீங்க?" என்றாள். "கணக்குன்னா எல்லாந்தான்" என்றேன். அவள் குழம்பு ஊற்ற மறந்துபோய் உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரம் அந்தப் பெண் காலேஜுக்கு வரவில்லை. அவள் அப்பா வந்தார். ஆபீஸில் கணக்கரும் நானும் இருந்தோம். மடியிலிருந்து பணத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"போன வருச பீஸுங்க. ரசீது போடுங்க, டிரஷரர்."

அதுவரைக்கும் அவர் என்னை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்.

"மாமா, இது கடன் இல்லீங்க. திருப்பிக் கட்டோணும்னு சட்டமே இல்லீங்க."

"கடன் இல்லீன்னா அப்பறம் என்னுங்க அது? பிச்சையா?"

கணக்கர் மெதுவாக, "நன்கொடைன்னு எழுதட்டுங்களா?" என்று கேட்டார்.

"எனக்கு எதுக்குத் தம்பி அந்தப் பெருமை? நான் என்ன வாங்குனனோ அதைத் திருப்பிக் குடுத்தேன்னு எழுதுங்க."

'கன்செஷன் திரும்ப வரவு' என்று ரசீது எழுதி, கணக்கர் என் பக்கம் தள்ளினார். கையெழுத்துப் போட்டேன். என் பேர் அவ்வளவு கோணலாக எந்தக் காகிதத்திலும் விழுந்ததில்லை.

இரண்டு நாள் பொறுத்து அவர் வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை. மகள்தான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். யார் போனாலும் மோர் கொடுக்கும் வீடு அது. கட்டுத்தறியைப் பார்த்தேன். கயிறு மட்டும் கிடந்தது. கறவை மாடு இல்லை.

"அம்மிணி, நீ நாளைக்கு வா. அப்பன்கிட்ட நான் பேசிக்கறேன். அந்த ரசீதக் கிழிச்சுப்போட்டு, பணத்தத் திருப்பிக் குடுத்தர்றேன்."

"கிழிச்சிராதீங்க மாமா. அப்பா அதை முருகன் படத்துக்குப் பொறத்தால வெச்சு, தினம் அதையும் சேத்துத்தான் கும்புடறாரு."

"நீ படிக்க வேண்டாமா?"

"ஆசை இல்லாமலா? பஸ்ஸுல கண்டக்டரு வரைக்கும் தெரிஞ்சுபோச்சுங்க. நான் ஏறுனா, 'கன்செஷனுக்கு இடம் வுடுங்கப்பா'ங்கறாரு." அவள் அழவில்லை. அழுதிருந்தால் நானும் அழுதுவிட்டு வந்திருப்பேன். "நான் அதையுங்கூடத் தாங்கிக்குவேன் மாமா. அப்பாவாலதான் முடியாது. தையில கல்யாணம் வெச்சிருக்காங்க. மாப்பிள்ளை மலைமேல சித்திரபுரத்துல, கரண்டு ஆபீஸு குவார்ட்டர்ஸாம்."

உள்ளே போய் இரண்டு புத்தகங்களை எடுத்துவந்தாள்.

"லைப்ரரியோடது. நான் குடுத்தாச்சுன்னு எழுதிருங்க. எம் பேருல எதும் பாக்கி நிக்க வேண்டாம்."

சைக்கிள் கேரியரில் அந்தப் புத்தகங்களைக் கட்டிக்கொண்டு வந்தேன். எதிர்காற்று. மிதிக்கவே முடியவில்லை. பாதி வழி தள்ளிக்கொண்டுதான் வந்தேன்.

கமிட்டியில் அழுது அடம்பிடித்து, இனிமேல் கன்செஷன் பேர்களை எங்கேயும் வாசிக்கக் கூடாது என்று ஒரு தீர்மானம் போடவைத்தேன். கணக்கர் அதை எழுதும்போது ஒரு கேலியும் பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். தையில் அந்தப் பெண்ணின் கல்யாணம் நடந்தது. எனக்கும் பத்திரிகை வைத்தார்கள். மொய் எழுதும் இடத்தில் என் பேரைச் சொல்லக் கூசி, சம்சாரத்தின் பேரில் எழுதிவிட்டு வந்தேன்.

மறு ஆடியில் கூட்டம். போன தடவை உட்கார்ந்த அதே இடத்தில், அதே மாதிரி துண்டை மடித்து வைத்துக்கொண்டு, மாமா உட்கார்ந்திருந்தார். எனக்குப் புரியவில்லை. அவர் வீட்டுப் பிள்ளை யாரும் இப்போது காலேஜில் இல்லையே. நான் வாசித்தேன். கன்செஷன் மொத்தம் இவ்வளவு. கன்செஷன் திரும்ப வரவு இவ்வளவு. தீர்மானப்படி பேர் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போனேன்.

அவர் எழுந்து நின்றார்.

"டிரஷரருங், திருப்பிக் கட்டுனது யாருன்னு சொல்லலீங்களே?"

"பேரு வாசிக்கறதில்லைன்னு தீர்மானம் போட்டிருக்குதுங் மாமா."

"வாங்குனப்ப வாசிச்சீங்க. குடுத்தப்ப வாசிக்க மாட்டீங்களா?"

டீக்கடையில் கேலி பேசியவன்கூடத் தலையைக் குனிந்துகொண்டான். இதற்காகத்தான் அந்த மனுஷன் ஒரு வருஷமாகக் காத்திருந்து, மைக்கின் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் பேரைக் காப்பாற்றுவதாக நினைத்து, அதை நான் மறுபடியும் விழுங்கப் பார்த்திருக்கிறேன்.

வாசித்தேன். பேர், ஊர், தொகை. யாரும் கை தட்டவில்லை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல், குங்குமம்கூட வாங்காமல் காற்றுக்குள் நடந்து போய்விட்டார். அவர் போன பிறகு அந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. மீதிக் கணக்கை அதைப் பார்த்துக்கொண்டேதான் வாசித்து முடித்தேன்.

அந்த வருஷத்தோடு பொருளாளர் வேலையை விட்டுவிட்டேன். கோயில் கணக்கை மட்டும் பார்க்கிறேன். ஆத்தா முன்னால் நிற்கும்போது மழை கேட்கிறேன், பிள்ளைகளுக்கு உடம்புக்குச் சுகம் கேட்கிறேன். சித்திரபுரத்தில் இருக்கும் அந்தப் பெண்ணுக்காகவும் கேட்கிறேன். அங்கே மலைக்குளிரில் அவள் என்ன புத்தகம் படிக்கிறாளோ, படிக்கிறாளோ இல்லையோ. என் பேரைக் காப்பாற்று என்று மட்டும் கேட்பதில்லை.