எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறான்

1964-ஆம் வருடம், ஐப்பசி மாதம். கந்த சஷ்டி விரதம் தொடங்கிய அன்று காலை, தாராவியில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு போலீஸ் ஹவல்தார் வந்து நின்றார். அண்ணன் சுடலைமுத்துவிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்து, பெருவிரல் ரேகை வாங்கிக்கொண்டு போனார். அண்ணனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். நான்தான் வாசித்தேன். அது போலீஸ் நோட்டீஸ்.

பம்பாயில் அதைத் ‘தடிபார்’ என்பார்கள். ஊரைவிட்டே வெளியேற்றுவது. ஆறாம் நாள் காலை பதினொரு மணிக்கு அதிகாரி முன்னால் நிற்க வேண்டும். நேர்மையான வேலை இருக்கிறது, பொறுப்பேற்க ஆள் இருக்கிறது என்று காட்ட வேண்டும். இல்லையென்றால் இரண்டு வருடம் பம்பாய்க்குள் கால் வைக்கக் கூடாது.

அண்ணன் ஜெயிலிலிருந்து வந்து அப்போது நாற்பது நாள்தான் ஆகியிருந்தது.

நம் பஜனைக் குழுவில் இதுவரை நான் சொல்லாததை இங்கே சொல்கிறேன். அண்ணன் சாராயம் கடத்தினான். லாரி டியூபில் நிரப்பி, உடம்பில் சுற்றி, மேலே சட்டை போட்டுக்கொண்டு போவான். அப்பா இறந்த பிறகு தோல் கிடங்கில் கூலிக்கு நின்றவன், நான் மெட்ரிக் முடித்து டைப் படிக்க வேண்டும் என்றுதான் அதில் இறங்கினான். எட்டு மாதம் தண்டனை. அவன் உள்ளே இருக்கும்போதுதான் மாட்டுங்காவில் நோட்டுப் புத்தகம் தயாரிக்கும் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. மேனேஜர் ராமநாதன் சார் பாலக்காட்டுக்காரர். கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டார். இல்லை சார் என்றேன். அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. அண்ணன் வாங்கித் தந்த படிப்பை வைத்துக்கொண்டு, அண்ணனையே இல்லையென்றேன்.

வெளியே வந்த நாளிலிருந்து அண்ணன் வேலை தேடி அலைந்தான். எட்டு மாதம் எங்கே இருந்தாய் என்று எல்லாரும் கேட்டார்கள். ஜெயிலில் என்று சொன்னான். அதோடு முடிந்தது. தெருக்குழாயில் எனக்கும் பேச்சுக் கிடைத்தது. “ஏட்டி ஆபீஸ்காரி, ஒங்கண்ணன் சர்க்கார் வீட்டுலருந்து வந்துட்டானாமே, நல்லா சதை போட்டிருக்கான்” என்றாள் எதிர்வீட்டு அக்கா. நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். தினமும் சாயங்காலம் சந்துமுனையில் ஒருவன் சைக்கிளைச் சாய்த்து நிற்பான். அண்ணனின் பழைய முதலாளி அனுப்பிய ஆள். ஒன்றும் பேசமாட்டான். சிரிப்பான். போலீஸ் விரட்டினால் எங்களிடம்தானே வரவேண்டும் என்பது அந்தச் சிரிப்பு.

நோட்டீசுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். பொய் வழக்கு என்று எழுதலாம் என்றேன். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை.

“உள்ளத எழுது தாயி. கடத்துனேன், புடிச்சாங்க, உள்ள இருந்தேன், இனி செய்யமாட்டேன். இதுல என்ன கொறஞ்சு போச்சு?”

அவன் சொன்னபடியே எழுதினேன். ஆனால் கடைசியில் ஒரு வரி நானாகச் சேர்த்தேன். ‘என் தங்கை மாட்டுங்காவில் இன்ன கம்பெனியில் டைப்பிஸ்ட், அவள் எனக்குப் பொறுப்பு.’ கம்பெனி பெயரைப் பார்த்தால் அதிகாரி மதிப்பார் என்று நினைத்தேன். படித்தவள் என்ற பெருமை. அங்கே போய் விசாரிப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை. அண்ணன் ரேகை வைத்து அந்த வாக்குமூலத்தை ஸ்டேஷனில் கொடுத்தான்.

விரதத்தின் நான்காம் நாள் நான் ஆபீஸ் வேலையாகத் தபாலாபீஸ் போய்விட்டுத் திரும்பினேன். ராமநாதன் சார் என்னைக் கூப்பிட்டார். போலீஸ் வந்துவிட்டுப் போனதாம். யாரோ ஒரு ஜெயில் ஆசாமி என் பேரைச் சொல்லி ஏமாற்றப் பார்க்கிறானாம். அந்தப் பெண்ணுக்கு அண்ணனே கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். என்னைக் காப்பாற்றிய திருப்தி அவர் முகத்தில் இருந்தது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “தேங்க்ஸ் சார்” என்றேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் ஹவல்தார் நிற்கிறார். “தேரி பஹன் தோ கெஹதி ஹை, கோயி பாயி ஹீ நஹி” என்று அண்ணனிடம் சொல்லிச் சிரித்தார். உன் தங்கையே தனக்கு அண்ணன் இல்லை என்கிறாளே என்று. கொடுத்த வாக்குமூலமே பொய் என்று எழுதியாகிவிட்டதாம்.

அண்ணன் என்னைப் பார்த்தான். திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். உள்ளே போய் இரண்டு சட்டையை எடுத்து மடித்தான்.

“ஆபீஸ்ல சொல்ல முடியாதுதான். ஒம்மேல குத்தமில்ல. நான் போயிருதேன்.”

எங்கே என்று அம்மா கேட்டாள். அவன் மூட்டையைக் கட்டி மூலையில் வைத்தான். சைக்கிள்காரன் அன்றும் நின்றிருந்தான்.

அதுவரை நான்கு நாளும் பட்டினி கிடந்து நான் வேண்டியது ஒன்றுதான். முருகா, ஆபீசுக்குத் தெரியாமல் அண்ணனைக் காப்பாற்று. ஐந்தாம் நாள் காலை விளக்கேற்றிப் படத்துக்கு முன்னால் நின்றேன். அந்த வேண்டுதல் வாயில் வரவே இல்லை. வெகுநேரம் அழுதேன். பிறகு நான் நினைக்காத வார்த்தை வந்தது. ‘முருகா, என் வாயைத் திற.’ என் மனம் இதைத் தானாகச் செய்யவில்லை. அவன்தான் செய்தான்.

ஒரு மணி நேரம் முன்னதாகவே ஆபீசுக்குப் போனேன். ராமநாதன் சார் மேஜைக்கு எதிரே நின்று, எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறான் சார் என்று தொடங்கினேன். வாக்குமூலத்தின் கார்பன் பிரதியையும் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். பிறகு, போய் வேலையைப் பார் என்றார். அவ்வளவுதான்.

அன்று டைப் அடித்த கடிதமெல்லாம் தப்பு. ஒவ்வொன்றாகக் கிழித்தேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். ஐந்து மணிக்குக் கூப்பிட்டார்.

“இதிலே உள்ளதெல்லாம் அவன் சொன்னதா, நீ சேர்த்ததா?”

“கடைசி வரி மட்டும் நான் சேர்த்தது சார்.”

“ஜெயிலுக்குப் போனவன் உண்மை சொல்லியிருக்கான். பொய் சொன்னது படிச்ச நீயாக்கும், கேட்டியா.”

தலையைக் குனிந்து நின்றேன். நாளைக்கு வருவீர்களா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவரும் சொல்லவில்லை.

ஆறாம் நாள். சூரசம்ஹாரம். போலீஸ் கச்சேரி வராந்தாவில் ஒரு பெஞ்சில் நான், அம்மா, அண்ணன். அண்ணன் மடியில் அந்தச் சட்டை மூட்டை. எப்படியும் போகத்தானே வேண்டும் என்று கையோடு கொண்டுவந்திருந்தான். பத்தரை ஆயிற்று. பத்தே முக்கால். முருகா என்பதைத் தவிர எனக்கு வேறு வார்த்தை இல்லை. எங்களுக்கு முன்னால் போன ஒருவன் அழுதுகொண்டே வெளியே வந்தான். அண்ணன் பெயரைக் கூப்பிட்டார்கள். நாங்கள் எழுந்தோம்.

அப்போது படியில் குடையின் தட்டல் கேட்டது. ராமநாதன் சார் மூச்சுவாங்க ஏறி வந்தார். எங்களைப் பார்க்காமல் நேரே உள்ளே போனார். அதிகாரியிடம் இங்கிலீஷில் பேசினார். இந்தப் பெண்ணுக்கு அண்ணன் இல்லை என்று நான் சொன்னது தவறு, திருத்திக்கொள்ளுங்கள், அதோ நிற்கிறானே அவன்தான், திங்கட்கிழமை முதல் எங்கள் கோடவுனில் வேலை செய்கிறான், பொறுப்பு என்னுடையது என்றார்.

அதிகாரி அண்ணனை நிறைய நேரம் பார்த்தார். ஆறு மாதம் வாராவாரம் ஸ்டேஷனில் வந்து ரேகை வைக்க வேண்டும் என்று சொல்லி நோட்டீசை ரத்து செய்தார். அம்மா அந்த வராந்தாவிலேயே விழுந்து கும்பிட்டாள். ராமநாதன் சார் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: “ரெண்டு மணிக்கு ஆபீசுக்கு வந்துடு. நேத்திக்குக் கிழிச்சதெல்லாம் அடிக்கணும்.”

இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. அண்ணன் இப்போது கோடவுன் சாவியை வைத்திருக்கிறான். ஜெயிலிலிருந்து வருகிறவர்களை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்து வருகிறான். “எந்தங்கச்சி எழுதிக் குடுப்பா. ஆனா உள்ளத மட்டுந்தான் எழுதுவா” என்று முதலிலேயே சொல்லிவிடுவான். நான் எழுதுகிறேன். அவர்களோடு வேலை கேட்டுப் படியேறுகிறேன். சிலர் நிலைத்தார்கள். ஒருவர் பழைய இடத்துக்கே போய்விட்டார். அவருக்காகவும் விளக்கேற்றுகிறேன்.

சகோதரிகளே, உங்களில் யார் வீட்டிலாவது இப்படி ஒருவர் இருக்கலாம். வெளியூரில் இருக்கிறார் என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருக்கலாம். முருகனிடம் கேளுங்கள். ஆனால் இப்படித்தான் செய்யவேண்டும் என்று அவனுக்கு வழி சொல்லாதீர்கள். நான் நான்கு நாள் சொல்லிப் பார்த்தேன். அவன் கேட்கவில்லை. கேட்காததுதான் அருள்.

முன்பெல்லாம் கம்பெனியில் என்னை மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கும் அதுதான் பிடிக்கும். இப்போது கோடவுன் ஆட்கள் ‘சுடலை தங்கச்சி’ என்று கூப்பிடுகிறார்கள். முதல் குரலிலேயே திரும்பிவிடுகிறேன்.