கொசுவின் முப்பத்துநாலு மார்க்

என் தம்பி மனைவிக்கு ஆஸ்பத்திரியில் வைத்த பெயர் கொசு. ரத்தம் எடுக்கிற அறையில் அவளுக்கு வேலை. காலையில் வரிசை தொடங்கினால் மதியம் வரை ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து கையை நீட்டுவார்கள். இவள் ஊசி ஏற்றுவது பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது. "எப்பம்மா குத்துவீங்க?" என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கேட்பவர்களிடம், "எடுத்தே முடிச்சாச்சு, எழுந்திருங்க" என்பாள். கடித்தது தெரியாமல் குடித்துவிட்டுப் போவதால் கொசு. பெயர் வைத்தது வார்டில் வேலை செய்கிற ஒருவர். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து நிலைக்க வைத்தது நான். நாத்தனார் என்று ஒருத்தி இருந்துகொண்டு இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி?

இந்தக் கொசுவுக்கு டாக்டராக வேண்டும். பள்ளிக்கூடம் முடித்த வயதில் அதற்கு வழி இல்லை. சீக்கிரம் சம்பாதிக்கிற படிப்பாகப் பார்த்துப் படித்தாள். ஆசை மட்டும் போகவில்லை. போன வருடம் நுழைவுத் தேர்வு எழுதி இடம் கிடைக்கவில்லை. இதுதான் கடைசித் தடவை என்று அவளே கெடு வைத்திருக்கிறாள். விட்டால் அவ்வளவுதான், அடுத்த வருடம் என்ற பேச்சே இல்லை.

வீட்டுக்குக் கீழே என் ஜெராக்ஸ் கடை. பின்னறையில் பேப்பர் கட்டுகளைச் சுவரோரம் தள்ளி ஒரு மேஜை போட்டு, ஞாயிறுதோறும் அவளுக்கு மாதிரித் தேர்வு வைத்தேன். கேள்வித்தாள் நகல் எடுப்பது, மணி பார்ப்பது, திருத்துவது மூன்றும் நானே. டாக்டர் படிப்புக்கும் எனக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது, ஆனால் திருத்துவதற்குப் படிப்பு எதற்கு? சரியான விடை வரும் வட்டங்களில் மட்டும் ஓட்டை போட்ட தாள் ஒன்றைத் தயார் செய்து, அவள் விடைத்தாளின் மேல் வைப்பேன். ஓட்டைக்குள் கறுப்பு தெரிந்தால் மார்க். வேறு வட்டத்தைக் கறுப்பாக்கியிருந்தால் கால் மார்க் கழியும். ஒன்றையும் தொடாமல் விட்ட கேள்விக்குக் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை.

தேர்வுக்கு முந்தைய ஞாயிறு எழுதியதை அன்று மதியம் திருத்தினேன். நூற்றுக்கு முப்பத்துநாலு.

மறுபடி எண்ணினேன். முப்பத்துநாலுதான். அதற்கு முன் மூன்று வாரமும் அறுபதுக்குக் குறையாமல் வாங்கியவள். போன வருடம் கடைசியாக இடம் கிடைத்தவரின் மார்க், நூற்றுக்குக் கணக்கிட்டால், அறுபத்தைந்து. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையை நான் என் வாயால் எப்படிச் சொல்வது? சொல்லவே வேண்டியிருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், தாளை வாங்கினாள், ஒரு மூலையில் நான் சின்னதாக எழுதியிருந்ததைப் படித்தாள்.

"சரி அண்ணி" என்றாள்.

அழுதிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். இவள் கைபேசியை எடுத்துக்கொண்டு கடை வாசலுக்குப் போனாள். ஆஸ்பத்திரி சூப்பர்வைசரிடம் பேசுவது உள்ளே கேட்டது. "மேடம், அடுத்த ஞாயித்துக்கிழமை என் முறை டியூட்டிக்கு லீவு கேட்டிருந்தேன்ல, அது வேண்டாம். டியூட்டி போட்டுடுங்க. முப்பத்துநாலுதான் வருது, போய்ப் பிரயோஜனம் இல்ல." அடுத்த ஞாயிறுதான் தேர்வு.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தம்பி மாடியிலிருந்து இறங்கி வந்தான். அவன் வேன் ஓட்டுகிறவன், பேச்சு குறைவு. "எழுதுவேல்ல?" என்று கேட்டான். "பார்க்கலாங்க" என்றாள். அன்று முழுவதும் அவன் அதையே கேட்டுக்கொண்டிருந்தான், அவளும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். 

மறுநாள் சாயங்காலம் கடையில் கூட்டம் இல்லை. மனசு கேட்காமல் அந்த விடைத்தாளை மறுபடி எடுத்து ஓட்டைத்தாளை மேலே வைத்தேன். முதல் நாற்பத்திரண்டு கேள்விகளில் பெரும்பாலும் கறுப்பு. அதற்குக் கீழே அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கறுப்பு. நாற்பத்திரண்டு வரை அறிவாளி, அதற்கப்புறம் மண்டு என்று ஒருத்தி இருப்பாளா? குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பேப்பர் தூசிக்கு எனக்கு ஒரு தும்மல் வந்தது. வீடே அதிர்கிற தும்மல் எனக்கு. ஓட்டைத்தாள் நழுவி ஒரு வரி மேலே ஏறிவிட்டது. பார்த்தால் கீழ்ப்பாதி ஓட்டைகளில் முக்கால்வாசி கறுப்பு.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று சும்மாவா சொன்னார்கள். எண்ணினேன். நாற்பத்துமூன்றாம் கேள்விக்கு அவளுக்கு விடை தெரியவில்லை, விட்டிருக்கிறாள். ஆனால் விடைத்தாளில் அந்த வரியைக் காலியாக விடாமல், நாற்பத்துநாலின் விடையை அங்கே கறுப்பாக்கிவிட்டாள். அங்கிருந்து கடைசி வரை எல்லாமே ஒரு வரி மேலே. கடைசி வரி வெறுமையாகக் கிடந்ததை நேரம் போதவில்லை என்று நான் நினைத்திருந்தேன். அதது அதன் இடத்தில் இருந்திருந்தால் எழுபத்தொன்று.

அவள் வேலை முடிந்து வந்ததும் தம்பியையும் கூப்பிட்டு, தாளை நகர்த்தி நகர்த்திக் காட்டினேன். தம்பி சிரித்தே விட்டான். "எழுபத்தொண்ணு அக்கா, எழுபத்தொண்ணு." முப்பத்துநாலை அடித்து எழுபத்தொன்று என்று எழுதப் பேனாவை எடுத்தேன்.

கொசு என் கையைப் பிடித்துக்கொண்டாள். பேயறைந்த மாதிரி இருந்தது அவள் முகம்.

"அடிக்காதீங்க அண்ணி. முப்பத்துநாலுதான் என் மார்க்."

"அடிப் பைத்தியமே, உனக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. இடம்தான் மாறிப்போச்சு."

"எங்க வேலையில அதுதான் அண்ணி பெரிய தப்பு. ரத்தம் சரியாத்தான் இருக்கும், ஒட்டின பேர் மாறியிருக்கும். ஒருத்தர் ரத்தத்தைப் பார்த்து இன்னொருத்தருக்கு மருந்து குடுப்பாங்க." மேஜை ஓரத்தில் உட்கார்ந்தாள். "எப்படி நடந்ததுன்னு தெரியுது. ரத்தம் இறங்கின பிறகுதான் குழாய்ல லேபிள் ஒட்டணும்னு எங்களுக்குச் சட்டம். அதே பழக்கத்துல விடையெல்லாம் முதல்ல கேள்வித்தாள்லயே குறிச்சு வச்சுட்டு, கடைசியில மொத்தமா இதுல கறுப்பாக்கினேன். ஒரு குழாய்ல ரத்தம் இறங்கலன்னா அதைத் தூக்கிப் போட்டுட்டு அடுத்ததை ஸ்டாண்டுல அதோட குழியில வைப்போம். ஸ்டாண்டுல காலிக் குழி விட மாட்டோம். கை அதையே பண்ணிருச்சு."

"தெரிஞ்சுபோச்சுல்ல, இனிமே பண்ணாதே" என்றான் தம்பி.

"தெரியாம விட்டிருந்தா படிச்சுக்கலாங்க. தெரிஞ்சதையே மாத்தி வச்சவ எதுக்கு டாக்டருக்குப் படிக்கணும்? நான் எழுதல."

அதோடு அவள் மாடிக்குப் போயிருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டிருப்பேன். படிக்கட்டில் நின்று, "உங்களுக்கும் ஞாயித்துக்கிழமை ஓய்வு கிடைக்கும் அண்ணி" என்றாள். அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம். ஓய்வு கேட்டு நான் அழுதேனா?

"அப்படின்னா வேலையையும் விட்டுடு. ஒரு தாள்லயே மாத்தி வைக்கிறவ, நாளைக்குக் காலையில அத்தனை பேர் குழாய்ல எந்தத் தைரியத்துல பேர் ஒட்டுவே?"

சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பார்களே, அதைச் செய்துவிட்டேன். தம்பி என்னை முறைத்த முறைப்பில் நான் ஜெராக்ஸ் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனால் கொசு படியிலிருந்து இறங்கி வந்தாள். அவள் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன்.

"அங்க எனக்கு மாறினதே இல்ல அண்ணி. ஒரு தடவைகூட மாறினதில்ல. ஏன்னா அங்க மொத்தமா ஒட்ட மாட்டேன். ஆள் எதிர்ல உட்கார்ந்திருக்கும்போதே ஒட்டிடுவேன். அதுவும் 'நீங்கதானே இன்னார்'னு கேட்க மாட்டேன். பயத்துல இருக்கறவங்க எதைக் கேட்டாலும் ஆமான்னு தலையாட்டிடுவாங்க. 'உங்க பேர் என்ன'ன்னு கேட்பேன். அவங்க வாயால சொன்னாத்தான் ஒட்டுவேன். ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்பேன், தெரிஞ்சவங்களா இருந்தாலும் கேட்பேன். இங்க நான் யாரையுமே கேட்கல, அதனாலதான்..."

அங்கே நின்றுவிட்டாள். தான் சொன்னதைத் தானே கேட்டுக்கொண்டவள்போல விடைத்தாளைப் பார்த்தாள். எனக்கு ஒரு தடவை வாயைக் கொடுத்ததே போதும் என்றிருந்தது.

"இன்னொரு கேள்வித்தாள் இருக்கா அண்ணி?" என்றாள்.

புதன்கிழமை மதியமே வேலை முடிந்து வந்துவிட்டாள். கடையை அடைத்து, பின்னறையில் உட்கார வைத்து மணி பார்த்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் விடை கண்டதும் விரலை அதன் எண்ணின் மேல் வைத்து, "நீ யாரு?" என்று முணுமுணுப்பாள். "பதினேழு" என்று அவளே பதில் சொல்வாள். பிறகு விடைத்தாளில் பதினேழாம் வரியில் விரலை வைத்து மறுபடி, "நீ யாரு?" வேறு நாளாக இருந்தால் நான் ஒரு வாரத்துக்குக் கேலி செய்திருப்பேன். "உண்மையான ஹால்ல இப்படிப் பேசினா தூக்கி வெளியே போடுவாங்க" என்று மட்டும் சொன்னேன். அதற்கப்புறம் உதடு மட்டும் அசைந்தது.

நேரம் ஓடியது. இந்த விசாரணைக்கு நேரம் பிடிக்கிறதே. பாதி நேரம் போனபோது அவள் பாதிக்கு வரவில்லை. இருபத்தொன்பதாம் கேள்வியிலும் அறுபத்திரண்டாம் கேள்வியிலும் விரல் அப்படியே நின்றது. இரண்டு முறையும் அந்த வரியை வெறுமையாக விட்டுவிட்டுக் கீழே போனாள். மேலே ஏற்றிவிடுவாளோ என்று எட்டிப் பார்த்து எட்டிப் பார்த்து எனக்குக் கழுத்து வலித்தது. மணி அடித்தபோது கடைசி எட்டு வரிகள் காலி.

அறை வாசலில் நின்றிருந்த தம்பி பொறுக்க மாட்டாமல், "சும்மா எதையாவது கறுப்பாக்கேன், யார் பார்க்கப்போறாங்க?" என்றான்.

அவள் பேனாவை மூடி மேஜை மேல் வைத்துவிட்டாள்.

ஓட்டைத்தாளை வைத்தேன். இந்த முறை தும்மல் வந்தாலும் நகராதபடி நாலு மூலையிலும் கிளிப் போட்டேன். கூட்டினேன், கழித்தேன், மறுபடி கூட்டினேன். அறுபத்தாறு.

"அறுபத்தாறா?" தம்பியின் முகம் தொங்கிப்போனது. "போன தடவை எழுபத்தொண்ணு வந்துச்சே."

"போன தடவை வந்தது முப்பத்துநாலுங்க" என்றாள் கொசு.

விடைத்தாளைத் தன் பக்கம் திருப்பி, மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டினாள். கறுத்த வரி, விட்ட வரி, கடைசியில் அந்த எட்டு. பிறகு கைபேசியை எடுத்தாள். இந்த முறை வாசலுக்குப் போகவில்லை. எங்கள் முன்னாலேயே ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு வேணும். வேற ஆளைப் போட்டுக்கங்க."

"நீதானேம்மா வேண்டாம்னு சொன்னே?" சூப்பர்வைசருக்கு எரிச்சல். "முப்பத்துநாலுதான் வருது, போய்ப் பிரயோஜனம் இல்லன்னு நீதானே சொன்னே. இப்போ எவ்வளவு வருது?"

"அறுபத்தாறு."

"அது பத்துமா?"

கேள்வியைக் கேட்டதும் தம்பி என்னைப் பார்த்தான். பத்தும் என்று சொல்லிவிடேன் என்று எனக்குத் தொண்டை வரை வந்தது. ஆமாம் என்று தலையாட்டினால் லீவு கிடைத்துவிடும்.

"தெரியாது மேடம்" என்றாள் கொசு. "எழுதப் போறேன்."