கிராணியார் பறிகொடுத்த மூட்டை

கெடா மாநிலத்தில், சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பரஞ்சோதி ஆள் கணக்கு எழுதும் கிராணியாராக இருந்தார். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய், ஜப்பான்காரன் வந்து, ஊரே மரவள்ளிக்கிழங்கைத் தின்று கோணியை உடுத்திய காலத்திலும் அவருடைய காற்சட்டையின் மடிப்பு மட்டும் கலையவில்லை. அவரைக் கண்டால் ஆள்கள் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும். துரை காலத்து வழக்கம்தான். துரை போன பிறகும் அதை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் கேட்டபோது, பதினைந்து பெயர் எழுதும் வேலை அவர் தலையில் விழுந்தது. பதினாலு பேர் கட்டைப் பிரம்மச்சாரிகள். பதினைந்தாவதாக இருளப்பனை எழுதினார். அவனுக்கு நவமணி என்று பெண்டாட்டி உண்டு. ஆனால் முந்தின வாரம்தான் அவன் தலைத்துண்டை எடுக்காமல் அவரைக் கடந்து போயிருந்தான். கொழுப்பு அடங்கட்டும் என்று எழுதிவிட்டு, "மூணே மாசம்தான்" என்று எல்லாரிடமும் சொன்னார். ஒரு வருஷம் ஆகியும் ஒருவனும் திரும்பவில்லை.

அந்தச் சமயத்தில் அவருடைய ஒரே மகள் ரமணிக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. அதற்கான கொய்னா மாத்திரை கெடாவில் கண்ணில் காணக் கிடைக்கவில்லை. சயாமில் ஹாட்யாய்ச் சந்தையில் துணிக்கு மாத்திரை தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மனைவியின் கூறைப்புடவையையும் தன் பச்சைக்கரை வேட்டியையும் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் ஏறினார்.

ஹாட்யாய் ஸ்டேஷனில் மூட்டையைப் பெஞ்சில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனார். தோட்டத்தில் அவர் குடையை எங்கே வைத்தாலும் வைத்த இடத்தில் இருக்கும்; தொட யாருக்குத் துணிச்சல் வரும்? அதே நினைப்பு. திரும்பிப் பார்த்தால், கோணி உடுத்திய ஒருவன் மூட்டையோடு கூட்டத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தான். மகளின் உயிரே போவது போல இருந்தது அவருக்கு.

"டேய்! நில்லுடா!"

சயாம்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஓடியவன் நின்றான். தலையில் சுற்றியிருந்த கந்தலைச் சட்டென்று உருவிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்தான்.

பரஞ்சோதிக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பரதேசத்திலும் தன் குரலுக்கு ஒருவன் நிற்கிறானே! கிட்டே போய்ப் பார்த்ததும் அந்தப் பெருமை போன இடம் தெரியவில்லை. எலும்பும் தோலுமாக, புண் அழுகிய காலோடு நின்றவன் இருளப்பன்.

"ஐயா மூட்டைன்னு தெரியாம கை வச்சிட்டேன் சாமி" என்று நீட்டினான். பாதை போட்ட காட்டிலிருந்து தப்பி, கிடைத்ததைப் பொறுக்கித் தின்று அதுவரை வந்திருந்தான். "அன்னிக்கி மழைங்க. துண்டைத் தலையில போட்டுக்கிட்டு ஓடுனேன், ஐயாவப் பாக்கலீங்க. காட்டுல கெடந்தப்பல்லாம் இதத்தான் நெனச்சேன். ஐயாகிட்ட எப்படியாச்சும் சொல்லிப்புடணும்னு."

அவன் தன்னைக் காறித் துப்பியிருந்தால் தேவலை என்று பரஞ்சோதிக்குத் தோன்றியது. வேட்டியை எடுத்து அவனிடம் கொடுத்தார். புடவைக்கு மாத்திரை வாங்கினார். அவனுக்கும் உடம்பு அனலாகக் கொதித்தது. ஆனாலும் மாத்திரையில் பங்கு கொடுக்க மனம் வரவில்லை. ரமணி இருக்கிறாளே.

வேட்டியைக் கட்டிக்கொண்டு இருளப்பன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "இப்ப நான் வூட்டுக்குப் போவலாமுங்களா? லிஸ்டுல என் பேர அடிச்சிருவீங்களா?"

ஜப்பான்காரனுக்கு அவன் பயப்படவில்லை. அவருக்குத்தான் பயந்தான்.

"அடிச்சிட்டேம்பா. வா" என்றார்.

எல்லையில் சோதனை போட்ட சிப்பாயிடம் "என் ஆள்" என்றார். காற்சட்டையின் மடிப்பைப் பார்த்து அவனும் நம்பினான். ரயிலில் தன் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டி, உட்காரச் சொன்னார். எத்தனை முறை சொன்னாலும் இருளப்பன் கேட்கவில்லை. அவருடைய கால் பக்கம் தரையில் உட்கார்ந்தே வந்தான். தோட்டத்துக்குப் பக்கத்து ஸ்டேஷனான சுங்கை பட்டாணி வந்து சேரும்வரை அந்தக் கந்தல் அவன் கக்கத்திலேயே இருந்தது.